முண்டியம்பாக்கத்து வரிசை மரக்காணத்தில் தொடங்குகிறது

விழுப்புரம் மாவட்டத்து ஊர்களில், உடம்புக்கு முடியாதவரை எங்கே கூட்டிப்போகிறீர்கள் என்று கேட்டால், தனியாரிடம் போக வசதி இல்லாதவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடும்: திண்டிவனம் ஜி.எச்., முண்டியம்பாக்கம், ஜிப்மர். விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையில், சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது முண்டியம்பாக்கம். 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி அங்கே வந்ததிலிருந்து ஊரின் பெயரே மருத்துவமனைக்கும் பெயராகிவிட்டது. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் திண்டிவனம் மருத்துவமனை. அண்மை ஆண்டுகளில் மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தரத்துக்கு உயர்த்தப்பட்டது. இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியில் மத்திய அரசின் ஜிப்மர். செஞ்சி, மயிலம், வானூர், மரக்காணம், திருவெண்ணெய்நல்லூர் என்று சுற்றியுள்ள ஊர்களின் ஏழைகள் இந்த முக்கோணத்துக்குள்தான் அலைகிறார்கள். அவர்களிடம் இரண்டு குறைகளைக் கேட்கலாம். ஒன்று, நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மற்றொன்று, கவனிப்பு ஆளுக்கொரு மாதிரி, நாளுக்கொரு மாதிரி இருக்கிறது. “நல்லா பார்த்தாங்க” என்பவரும் “தொட்டுக்கூடப் பார்க்கல” என்பவரும் ஒரே கட்டடத்திலிருந்து ஒரே மதியத்தில் வெளியே வருகிறார்கள். இவற்றை நாம் இரண்டு தனிக் குறைகளாகவே பேசிவருகிறோம். காத்திருப்புக்கு மருத்துவர் பற்றாக்குறையையும், கவனிப்புக்கு ஊழியரின் மனப்பான்மையையும் காரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்: நோயாளி ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது அவருக்குப் பொறுப்பாளர் யாரும் இல்லை, அந்த இடைவெளியை அளப்பவரும் இல்லை.

இதைச் சொல்வதற்கு முன் தமிழ்நாடு எட்டிய உயரத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாத விமர்சனம் நேர்மையானதாக இருக்காது. 2018–20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தனர், தமிழ்நாட்டில் 54. ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர் 2020இல் நாட்டுக்கு 28, நமக்கு 13. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்தவை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலை ஒழுங்குபடுத்திப் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. இந்தப் பயன்களெல்லாம் விழுப்புரத்துக்கும் வந்து சேர்ந்தன. இது எப்படிப்பட்ட மாவட்டம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்: 2006இல் ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டின் மிகப் பின்தங்கிய 200 மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அப்படிப்பட்ட மண்ணில் மருத்துவமனை வாசல்வரை மக்களைக் கொண்டுவந்து சேர்த்தது சாதனைதான். வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய கேள்வி. உலகெங்கும் இதே கேள்விதான் எழுந்திருக்கிறது. குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் சிகிச்சையால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களை ஆராய்ந்த லான்செட் ஆணையம் 2018இல் சொன்னது இது: ஆண்டுக்கு 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த மரணங்களில் ஏறத்தாழ 50 லட்சம், மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தும் தரமான சிகிச்சை கிடைக்காமல் நேர்ந்தவை. வராமல் இறந்தவர்களைவிட வந்து இறந்தவர்கள் அதிகம். 2019இல் தமிழ்நாட்டின் சுகாதாரச் சீர்திருத்தத் திட்டத்துக்காக உலக வங்கி 28.7 கோடி டாலர் கடன் ஒப்புதல் அளித்தபோது, சிகிச்சையின் தரமே அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்றாக வைக்கப்பட்டது. ஆக, தரம் பின்தங்கியிருக்கிறது என்பது அரசுக்கும் தெரிந்த செய்திதான்.

காத்திருப்பு எங்கே உண்டாகிறது என்று முதலில் பார்ப்போம். அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு பெரும்பாலும் காலை நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. முதல் பேருந்தைப் பிடித்து வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து இறங்குகிறார்கள். ஓபி சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவர் அறைக்கு ஒன்று, ரத்தம் கொடுக்க ஒன்று, எக்ஸ்ரேவுக்கு ஒன்று, மாத்திரை கவுண்டரில் ஒன்று. இத்தனை வரிசைகளுக்குப் பிறகும் மிகப் பெரிய காத்திருப்பு எந்த வரிசையிலும் தெரிவதில்லை. அது “ரிப்போர்ட்ட வாங்கிட்டு நாளைக்கு வாங்க” என்ற ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பரிசோதனை முடிவு வந்துசேரும்போது ஓபி முடிந்திருக்கும். மேல்மலையனூரிலிருந்தோ மரக்காணத்திலிருந்தோ வந்தவருக்கு இது இன்னொரு நாள் கூலி. துணைக்கு வந்தவருக்கும் இன்னொரு நாள் கூலி. 2024–25இல் ஊரக வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். இருவர் இரண்டு நாள் வந்தால் 1,276 ரூபாய் இழப்பு; பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் வேறு. கட்டணமில்லாத சிகிச்சைக்கு ஏழை கொடுக்கும் கட்டணம் இதுதான். அரசின் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இது ஏறுவதில்லை. நோயாளியின் நேரத்துக்கு விலையில்லை என்று வைத்துக்கொண்டு மருத்துவமனைகள் இயங்குவது இங்கே மட்டும் உள்ள பழக்கமன்று. இங்கிலாந்தில் நார்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர் வெளிநோயாளர் வரிசைகளை ஆராய்ந்து 1952இலேயே இதைக் காட்டினார்: மருத்துவர் ஒரு நொடியும் சும்மா இருக்கக்கூடாது என்பதற்காக நோயாளிகள் எல்லோரையும் முன்கூட்டியே வரவழைத்து உட்காரவைக்கிறார்கள், வரும் நேரத்தைப் பிரித்துக் கொடுத்தால், மருத்துவரின் நேரம் மிகச் சிறிதளவே வீணாகும், நோயாளியின் காத்திருப்போ பெருமளவு குறையும். எழுபது ஆண்டுகளுக்கு முன் கணக்குப் போட்டுக் காட்டப்பட்ட உண்மை இது. இதற்குக் கருவியோ கட்டடமோ தேவையில்லை. அண்மையில் வந்திருக்கும் கியூஆர் முறைப் பதிவு ஓபி சீட்டு வரிசையைச் சுருக்குகிறது, நல்லதுதான். ஆனால் அது மனிதர்களை மருத்துவர் அறை வாசலுக்கு இன்னும் வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதே தவிர, அந்த வாசலுக்கு அப்பால் எதையும் மாற்றுவதில்லை.

அந்த அறைக்குள் நடப்பதைப் பார்த்தால்தான் காத்திருப்பும் தரமும் ஒன்றையொன்று பெற்றெடுப்பது புரியும். 67 நாடுகளில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தை ஒப்பிட்டு 2017இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஸ்வீடனில் 20 நிமிடத்துக்கு மேல்; வங்கதேசத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு; இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஒரு மருத்துவரால் என்ன செய்ய முடியும்? பெயர், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, மாத்திரை எழுதி முடித்தாகிவிடும். பத்து ஆண்டாகச் சர்க்கரை நோய் உள்ளவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பார்க்க அந்த நேரம் போதாது. பழைய சீட்டுகளைப் புரட்டிப் படிக்க முடியாது. சந்தேகம் வந்தால் நிதானமாக விசாரித்துத் தீர்த்துக்கொள்வதற்குப் பதிலாக ஒரு பரிசோதனை எழுதப்படும். அது இன்னொரு வரிசை, இன்னொரு நாள். அல்லது வலி மாத்திரை எழுதப்படும். வலி திரும்பும், ஆளும் திரும்புவார். அவசரமாகப் பார்க்கப்பட்ட ஒவ்வொரு நோயாளியும் அடுத்த வாரத்து வரிசையில் மறுபடி நிற்கிறார். வரிசை நீள்வதால் நேரம் சுருங்குகிறது. நேரம் சுருங்குவதால் வரிசை நீள்கிறது. “தொட்டுப் பார்க்கல” என்பதை மருத்துவரின் குணக்கேடாகப் பார்ப்பவர்கள் இந்தச் சுழலைக் கவனிப்பதில்லை.

ஆனாலும் சுழலை மருத்துவமனைக்குள் மட்டும் தேடினால் பாதிதான் தெரியும். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, காலில் புண் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. புண் ஆறவில்லை என்றதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். கட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். விரல் கறுத்ததும் திண்டிவனம் போகச் சொல்கிறார்கள். அங்கே ரத்தநாள அறுவை மருத்துவர் இல்லை என்றால் முண்டியம்பாக்கம். அங்கேயும் முடியாது என்றால் ஜிப்மர், இல்லாவிட்டால் சென்னை. இந்தப் பாதையில் அவர் எத்தனை அரசுகளைக் கடக்கிறார் என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ் வருகிறது. திண்டிவனம் மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். ஜிப்மர் டெல்லியின் கீழ். ஒவ்வொன்றுக்கும் தனி அதிகாரி, தனிப் பதிவேடு, தனி ஆய்வுக் கூட்டம். இவற்றுக்கு இடையே நோயாளியின் விவரங்களைச் சுமந்து செல்வது பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்த சீட்டுகள் மட்டுமே. அனுப்பிய மருத்துவருக்கு அனுப்பப்பட்டவரின் கதி என்ன ஆயிற்று என்று தெரியாது. வாங்கிக்கொண்ட மருத்துவருக்கு முன்பு என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது முழுதாகத் தெரியாது. ஆகவே எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து தொடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாராவது அவர் செருப்பைக் கழற்றிப் பார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடிய விரலுக்காக முண்டியம்பாக்கத்தில் ஒரு படுக்கையும் ஓர் அறுவைசிகிச்சை நேரமும் செலவாகின்றன. முண்டியம்பாக்கத்து வரிசை மரக்காணத்தில் தொடங்குகிறது என்று சொல்வது இதனால்தான்.

இதில் ஒரு வரலாற்று வேதனை உண்டு. பொது சுகாதாரத்துக்கென்று தனித் துறை, தனி அதிகாரிகள், 1939ஆம் ஆண்டின் மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் என்று தமிழ்நாடு வைத்திருக்கும் அமைப்பை இந்தியாவின் மற்ற மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது சரியான பாராட்டு. தனித் துறை இருந்ததால்தான் தடுப்பூசியும் கொசு ஒழிப்பும் குடிநீர்க் கண்காணிப்பும் பெரிய மருத்துவமனைகளின் பசிக்கு இரையாகாமல் தப்பின. கொள்ளைநோயும் குழந்தை மரணமும் முதன்மைக் கவலையாக இருந்த காலத்துக்கு அந்தப் பிரிவினை பொருந்தியது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் என்று இருபது முப்பது ஆண்டுகள் ஒரே உடம்பில் தங்கும் நோய்களின் காலத்தில், நோயாளி வாழ்நாள் முழுக்க இந்த மூன்று துறைகளுக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நம் பலமாக இருந்த பிரிவினை இப்போது நோயாளியின் சுமையாகிவிட்டது.

மூன்று துறைகள் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று சோர்ந்துபோக வேண்டியதில்லை. அதே மூன்று துறைகளும் அதே மருத்துவர்களும் ஒரே ஒரு நோயாளியை மட்டும் கைமாற்றிக் கைமாற்றிப் பத்திரமாகக் கொண்டுபோகிறார்கள்: கர்ப்பிணி. கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியர் அவரைப் பதிவு செய்கிறார். பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு எண் கிடைக்கிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும் என்று ஆகிவிட்டது. ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, முந்தைய சிசேரியன் என்று ஆபத்து உள்ளவர் யார் என்று முன்பே தெரியும். எந்த மருத்துவமனைக்கு எப்போது போக வேண்டும் என்பதும் முன்பே பேசி முடிவாகும். ஒரு தாய் இறந்தால் அந்த மரணம் தணிக்கைக்கு உள்ளாகிறது: எந்த இடத்தில் தாமதம், யார் அனுப்பினார், எத்தனை மணிக்கு வந்துசேர்ந்தார் என்று மாவட்ட அளவில் கேள்வி கேட்கப்படுகிறது. அந்த 54 என்ற எண்ணுக்குப் பின்னால் இந்தக் கேள்விகள் இருக்கின்றன. மாரடைப்பிலும் இதே உண்மை நிரூபணமாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதயநோய் மையங்களோடு இணைத்து, இசிஜியை முன்கூட்டியே அனுப்பி, நோயாளியை நேரே உரிய இடத்துக்குக் கொண்டுபோகும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. 2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வெளியான அதன் முடிவில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. மருத்துவமனைகள் அதேதான், மாறியது அவற்றுக்கு இடையே இருந்த பேச்சு. கர்ப்பிணிக்கும் மாரடைப்பு வந்தவருக்கும் முடிந்தது உப்பளத் தொழிலாளியின் காலுக்கு முடியாமல் போவதற்குக் காரணம் பணமும் அல்ல, திறமையின்மையும் அல்ல. அவரை யாரும் எண்ணவில்லை.

சட்டமும் இதை எப்போதோ சொல்லிவிட்டது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவர், படுக்கை இல்லை, கருவி இல்லை என்று அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பப்பட்டுக் கடைசியில் தனியாரிடம் சேர்ந்தார். அந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், இது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கச் சொன்னது. அதோடு, எந்த மருத்துவமனையில் படுக்கை காலியாக இருக்கிறது என்பதை அறிந்து நோயாளியை நேரே அங்கே அனுப்ப மையத் தகவல் ஏற்பாடு வேண்டும் என்றும் வழிகாட்டியது. அதன் அருமை நம் மாவட்டத்துக்குத் தெரிய வேண்டும். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் புதுச்சேரிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் திண்டிவனத்துக்கும் பிரித்துக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கிருந்தும் பலர் முண்டியம்பாக்கத்துக்கும் ஜிப்மருக்கும் சேலத்துக்கும் மாற்றப்பட்டார்கள். மெத்தனால் நஞ்சில் கண்ணும் உயிரும் மணிக்கணக்கில் போகும். டயாலிசிஸ் எங்கே உடனே கிடைக்கும் என்ற தகவல் ஆம்புலன்ஸ் புறப்படும் முன் ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும். விபத்துக்கென்று சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைத் தரம்பிரிக்கும் முறை இப்போது தமிழ்நாட்டு அவசரப் பிரிவுகளில் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டதும் திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மேல்மருவத்தூரில்தான். அவசரத்துக்கு வந்துவிட்ட ஒழுங்கு, சாதாரண ஓபி வரிசைக்கு இன்னும் வரவில்லை. மூச்சு வாங்கும் முதியவரும் அரிப்புக்கு மருந்து கேட்பவரும் வந்த நேரப்படி ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இந்த இடைவெளியை அளக்க வேண்டும் என்றால் மறுப்புகள் வரும். மருத்துவர் போதவில்லை, அதை நிரப்பாமல் அளப்பதால் என்ன பயன் என்பது முதல் மறுப்பு. அதற்கு மதிப்பளிக்க வேண்டும். பணியிடங்கள் காலியாகத்தான் இருக்கின்றன. ஊதியமும் பணியிட எண்ணிக்கையும் கேட்டு 2019 அக்டோபரில் அரசு மருத்துவர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்ததை மறக்க முடியாது. செவிலியர் பற்றாக்குறை அதைவிடக் கொடியது. வார்டில் இரவில் ஒருவர் எத்தனை பேரைப் பார்ப்பது? ஆள் கூடுதலாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆள் கூடினால் தரம் தானாக வந்துவிடும் என்பதை ஏற்க முடியாது. மத்தியப் பிரதேசத்தில் ஜிஷ்ணு தாஸ் முதலான பொருளியலாளர்கள், பயிற்சி பெற்றவர்களை நோயாளி போல அனுப்பி நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஒரே மருத்துவர், காலையில் அரசு மருத்துவமனையில் கொடுத்த கவனத்தைவிட, தன் சொந்த கிளினிக்கில் அதிக நேரம் கொடுத்தார், அதிகக் கேள்வி கேட்டார், சரியான சிகிச்சையும் கூடுதலாகக் கொடுத்தார். அவருடைய அறிவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நோயாளி திரும்ப வருவாரா, என்ன சொல்வார் என்று கவலைப்படும் அவசியம் ஓரிடத்தில் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்கலாம். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் மாலை கிளினிக்குகளில் நிற்கும் கூட்டம் இந்த வேறுபாட்டை மக்கள் அறிவார்கள் என்பதைக் காட்டுகிறது. தனிப் பயிற்சியைத் தடை செய்தால் போதும் என்று நான் வாதிடவில்லை. அரசு மருத்துவமனையிலும் ‘இந்த நோயாளிக்குப் பிறகு என்ன ஆயிற்று?’ என்று கேட்க ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறேன்.

மக்களே காய்ச்சலுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிவருகிறார்கள், பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போனால் என்ன என்பது மருத்துவர்களிடமிருந்து அடிக்கடி வரும் குறை. உண்மை இருக்கிறது. ஆனால் மக்கள் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். சுகாதார நிலையத்தில் ஒரு நாள், திண்டிவனத்தில் ஒரு நாள், கடைசியில் முண்டியம்பாக்கத்தில் ஒரு நாள் என்று மூன்று கூலியை இழப்பதைவிட நேரே பெரிய இடத்துக்குப் போய் ஒரு கூலியோடு முடித்துக்கொள்வது அவர்களுக்கு லாபம். கீழ்ப்படியில் வாங்கிய சீட்டுக்கு மேல்படியில் முன்னுரிமை இருந்தால் இந்தக் கணக்கு மாறும். நாமும் பெரிய கட்டடங்களையே மருத்துவம் என்று கொண்டாடிப் பழகிவிட்டோம். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்து சென்னை மாகாண முதல்வரான ஓ.பி. ராமசாமி ரெட்டியாரின் ஊர்ப் பெயர் 2014 முதல் சென்னை அண்ணா சாலையில் ஓர் உயர் சிறப்பு மருத்துவமனைக்கு வழங்குகிறது, மகிழ்ச்சிதான். ஓமந்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களின் துணை சுகாதார நிலையத்தில் என்ன கிடைக்கிறது என்பதும் அதே அளவு பேசப்பட வேண்டும்.

இலவசம்தானே, கொஞ்சம் பொறுக்கக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சிகிச்சை இலவசம் அன்று. வரியாக முன்பே கொடுத்தாயிற்று, கூலியாக மறுபடி கொடுக்கிறார்கள். சட்டத்தின் கதவும் அவர்களுக்குக் குறுகியது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அதற்கு வெளியே நிற்கிறது. பணம் கட்டியவர் நுகர்வோர் மன்றம் போகலாம். கட்டாதவர் போக முடியாது. ஆகவே அரசு மருத்துவமனையைக் கேள்வி கேட்கும் வழியை அரசே திறந்துவைக்க வேண்டும். அப்படி ஒரு வழி இல்லாத இடத்தில் ஆத்திரம் வேறு வடிவம் எடுக்கிறது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். அதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. ஆனால் காவலர்களை நிறுத்துவதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. எவ்வளவு நேரம் ஆகும், ஏன் தாமதம், அடுத்து என்ன என்று யாராவது சொன்னாலே வாசலில் நிற்பவரின் பதற்றம் பாதி தணியும்.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் மறுப்பு வேறு. அளந்தால் ஏமாற்றுவார்கள் என்பது அது. இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வருகிறவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். காத்திருப்பு குறைந்தது, கூடவே எண்ணைச் சரிக்கட்டும் வித்தைகளும் வந்தன. ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நிர்வாகம் இலக்குகளிலும் வரவு செலவிலும் கண்ணாக இருக்க, வார்டுகளில் நோயாளிகள் தண்ணீருக்கும் தவித்ததை 2013இல் வெளியான ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை பதிவுசெய்தது. இந்தப் பாடத்தை நாம் மறைக்கக்கூடாது. காத்திருந்த நேரத்தை மட்டும் அளந்து, தவறினால் தண்டனை என்றால், நம் மருத்துவர்களும் இரண்டு நிமிடத்தை ஒரு நிமிடமாக்குவார்கள். எண் அழகாக இருக்கும், கால் அழுகும். ஆகவே நேரத்தோடு விளைவையும் சேர்த்தே அளக்க வேண்டும்: ஒரே தொந்தரவுக்கு ஒரு மாதத்துக்குள் திரும்ப வந்தவர் எத்தனை பேர், பதிவான சர்க்கரை நோயாளிகளில் கால் பரிசோதிக்கப்பட்டவர் எத்தனை பேர், மேலே அனுப்பப்பட்டவர்களில் போய்ச் சேர்ந்தவர் எத்தனை பேர். தண்டிக்க அல்ல, தாய் மரணத் தணிக்கை போல எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க. எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால் அதற்கு மேல் தண்டனை பெரும்பாலும் தேவைப்படாது.

இதைத் தொடங்க புதிய கட்டடமோ சட்டமோ வேண்டாம். திண்டிவனத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள அந்த 30 கிலோமீட்டரில் முதலில் செய்துபார்க்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மூன்று இயக்குநரகங்களின் மாவட்ட அதிகாரிகளும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து, அனுப்பப்பட்ட நோயாளிகளின் பட்டியலை ஒருவர் மற்றவருக்குக் காட்ட வேண்டும். மாதாமாதம் வரும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்கு நாளும் மணியும் குறித்துக் கொடுத்து, அவர்களைக் காலைக் கூட்டத்திலிருந்து பிரிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு முதல் மணி நேரத்தில் வந்தவருக்கு அன்று மதியமே முடிவைச் சொல்ல ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியில் அது முடியாத காரியமல்ல. திண்டிவனத்தில் எழுதப்பட்ட சீட்டோடு வருகிறவர் முண்டியம்பாக்கத்தில் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்கக்கூடாது. சிகிச்சை முடிந்ததும் என்ன செய்தோம் என்ற குறிப்பு அவர் ஊர் சுகாதார நிலையத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

இந்தக் கேள்விகளை எழுப்பும் பொறுப்பு வாசகர்களிடமும் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். உங்கள் வட்டார மருத்துவமனையிலிருந்து கடந்த ஆண்டு எத்தனை பேர் மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்ற கணக்கு இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். கிடைக்கும் பதிலை அடுத்த கிராம சபையில் படியுங்கள். கணக்கு இல்லை என்று பதில் வந்தால் அதையும் படித்து, கணக்கு வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள்.